வன்பினால் அன்று, விருப்பினால்: சவேரியார் கடிதங்களும் நம் பழக்கங்களும்

"நான் ஒன்றும் பெருங்குடியன் அல்லன், எல்லாரையும் போலத்தான்." நம் கடற்கரைப் பங்குகளில் பணியாற்றும் குருக்கள் எவரும் இச்சொல்லைக் கேளாமல் இருந்ததில்லை. குடிக்கு மட்டும் சொல்லப்படும் சமாதானமும் அன்று இது. புகையிலைக்கும் பாக்குக்கும் இதே பதில்தான். சர்க்கரை நோய் மாத்திரையை நினைத்தபோது மட்டும் விழுங்குவதற்கும், பத்து எட்டு நடக்க வேண்டிய இடத்திற்கும் வண்டியை எடுப்பதற்கும், நள்ளிரவு கடந்தும் கைப்பேசியை விடாமல் இருப்பதற்கும் இதே பதில்தான். எல்லாரையும் போல இருப்பது குற்றமாகாது என்னும் நம்பிக்கை இச்சொல்லின் அடியில் கிடக்கிறது. அந்த நம்பிக்கை சரியானதா என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொண்ட நூல் புதியதன்று. நம் ஊர்களின் பெயர்களைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 480 ஆண்டுகளாக இருந்துவரும் புனித சவேரியாரின் கடிதங்களே அவை.

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தைச் சுற்றி மூன்று காயல்கள் உள்ளன: பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். புன்னைக்காயல் நம் மறையின் பழம்பெரும் ஊர். காயல்பட்டினம் இசுலாமிய மக்களின் பழம்பெரும் துறைமுக நகர். அதன் எல்லைக்குள்ளேயே கொம்புத்துறை என்னும் நம் மீனவச் சிற்றூரும் இருக்கிறது. இந்தச் சிறு கடற்பரப்பைப் பற்றி அயல்நாட்டார் எழுதிய இரு பெரும் ஆவணங்கள் மனிதரின் அன்றாடப் பழக்கங்களைப் பேசுகின்றன. ஒன்று மார்க்கோ போலோவின் பயண நூல். மற்றொன்று சவேரியாரின் கடிதத் தொகுதி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது.

மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்தார். அவர் வாய்மொழியைக் கேட்டு ருஸ்திக்கெல்லோ என்பவர் 1298இல் செனோவா நகரச் சிறையில் எழுதிவைத்தார். அந்நூலில் காயல் துறைமுகத்திற்கெனத் தனி அதிகாரமே உண்டு. அரபு நாட்டிலிருந்து குதிரைகளோடு வந்திறங்கும் கப்பல்களைச் சொன்ன கையோடு, இவ்வூர் மக்கள் ஓர் இலையை ஓயாமல் வாயில் அடக்கி மென்று துப்புகிறார்கள் என்றும் அவர் குறிக்கிறார். நம் வெற்றிலைதான் அது. பாண்டிய நாட்டைப் பற்றிய வேறொரு பகுதியில், இங்குள்ளோர் நாள்தோறும் இருமுறை நீராடுகின்றனர் என்றும், மது அருந்துபவனை எவரும் பிணையாக ஏற்பதில்லை என்றும் சொல்கிறார். குடிப்பவன் வாக்குக்கு அக்காலத்தில் நம் நாட்டில் மதிப்பில்லை.

பயணியின் எழுத்து என்ற வகையில் இது உயர்ந்தது. பார்த்ததை வியப்போடு சொல்கிறார், கண் கூர்மையானது. ஆனால் அவர் எழுத்தில் மனிதர் கூட்டமாகவே தெரிகின்றனர். "இவர்கள் மெல்லுகிறார்கள், இவர்கள் குளிக்கிறார்கள், இவர்கள் குடிப்பதில்லை" என்னும் போக்கே அதில் மிகுதி. ஒரு தனி மனிதன் தன் பழக்கத்தோடு போராடினான், தோற்றான், மீண்டும் எழுந்தான் என்னும் செய்தி அங்கே இல்லை. ஊரின் பொது வழக்கம் எதுவோ அதுவே ஊராரின் இயல்பு என்று எழுதிவிட்டுக் கப்பல் ஏறுவது பயணிக்குப் போதும். ஆன்ம மேய்ப்பருக்கு அது போதாது.

சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அவ்வாண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544ஆம் ஆண்டில் மட்டும், தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. சூர்காமர், விக்கி என்னும் இரு இயேசு சபை அறிஞர்கள் 1944-45இல் உரோமையில் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பில் அவை வரிசையாக உள்ளன. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம் என்று கடிதத் தலைப்புகளில் நம் ஊர்களே வருகின்றன.

இலக்கிய நயம் தேடி இவற்றைப் படிப்போர் ஏமாறுவர். அவசரத்தில் எழுதிய குறிப்புகள் இவை. எவரைத் திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வது, எந்த ஊர்க்கோவில் வேலை எந்த அளவில் நிற்கிறது, யாருக்கு எவ்வளவு பணம் தருவது என்னும் சின்னஞ்சிறு செய்திகளால் ஆனவை. முத்துக்குளிப்பு உரிமை குறித்த அக்காலப் பகையின் நிழலும் அவற்றில் படிந்திருக்கிறது. அதனை நாம் இன்று சுமக்க வேண்டியதில்லை. ஆயினும் அவற்றில் உயிர் உண்டு. எழுதுபவர் சலிப்படைகிறார், கோபம் கொள்கிறார், உடனே பொறுமையைக் கற்பிக்கிறார், நண்பரின் உடல்நலத்தைக் கேட்கிறார். புனிதர் வரலாறுகளில் காணும் மெழுகுச் சிலை அங்கே இல்லை. தம் மக்களின் அன்றாட வாழ்வோடு மல்லுக்கு நிற்கும் ஒரு பங்குக் குருவைக் காண்கிறோம்.

1544இல் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சாராயத்தைப் பற்றிய கட்டளை வருகிறது. பனஞ்சாராயம் குடித்துப் பிடிபடும் பெண் ஒவ்வொருத்திக்கும் ஊர்க்காவலருக்கு ஒரு பணம் சேரவேண்டும். அப்பெண் மூன்று நாள் காவலில் இருக்க வேண்டும். இதனை ஊரெங்கும் அறிவிக்க வேண்டும். புன்னைக்காயலில் இனிச் சாராயம் குடிக்கப்பட்டதாகத் தெரிந்தால் பட்டங்கட்டிகள் அதற்குக் கடுமையாகப் பதில் சொல்ல நேரும் என்றும் எச்சரிக்கிறார்.

இக்கட்டளையை இரு கண் கொண்டு படிக்க வேண்டும். இதில் அறிவு இருக்கிறது. குடி ஒருவரின் தனிக் குறை மட்டுமன்று, ஊரின் காற்றில் கலந்த ஒன்று என்பதைச் சவேரியார் உணர்ந்திருந்தார். அதனால்தான் ஊர் முழுதும் அறிவிக்கச் சொன்னார், ஊர்த்தலைவர்களைப் பொறுப்பாக்கினார். ஆனால் குறையும் இருக்கிறது. பணமும் காவலும் பெண்களுக்கே பேசப்பட்டன. குடித்த ஆண்களுக்கு மூன்று நாள் காவல் என்னும் சொல் அக்கட்டளையில் இல்லை. ஒரு பழக்கம் ஆண்களிடையே பரவலாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதே பழக்கம் பெண்ணிடம் தோன்றும்போது குற்றமாகத் தெரிகிறது. சராசரி என்பது இப்படித்தான் கண்ணைக் கட்டுகிறது. புனிதரின் பேனாவுக்கும் அதனிடமிருந்து முழு விலக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வது அவருக்கு அவமரியாதை ஆகாது.

இனி, அதே 1544ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தைப் பார்ப்போம். அதில் வேறொரு வழிமுறை விரிகிறது. இரு மொழியும் அறிந்தோரை அழைத்து அமர்த்தி மன்றாட்டுகளைத் தமிழாக்கிய செய்தி அதில் உள்ளது. கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு கூற்றையும் தாம் சொல்ல, மக்கள் திரும்பச் சொன்னார்கள். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் சொன்னபின், அதனைக் கடைப்பிடிக்கும் அருளைத் தருமாறு அனைவரும் சேர்ந்து வேண்டினார்கள். சிறுவர்கள் தாம் கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் போகுமுன் மன்றாட்டுகளின் படியை அங்கே விட்டுச் சென்றார்; எழுதத் தெரிந்தோர் படியெடுத்து, மனப்பாடம் செய்து, நாள்தோறும் சொல்லும்படி ஏற்பாடு செய்தார்.

இக்கடிதத்தின் ஆற்றல் அதன் சிறுமையில் இருக்கிறது. ஒரு மணி, ஒரு சிறு கூற்று, அதனைத் திரும்பச் சொல்லுதல், அதன்பின் ஒரு வேண்டுதல், மறுநாளும் அதுவே. கட்டளையைச் சொன்ன உடனே அதனைக் கடைப்பிடிக்க அருள் கேட்கும் அந்த ஒழுங்கை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். "செய்" என்று சொல்லிவிட்டு மனிதனைத் தனியே விடுவதில்லை. "செய்ய எனக்கு வலிமை தாரும்" என்று அவனே கேட்கும்படி செய்கிறது. இங்கே காவலர் இல்லை. ஆள் பார்க்காத வேளையிலும் வேலை செய்யும் ஒன்று மனிதனுக்குள்ளே நடப்படுகிறது.

இவ்விரு வழிகளில் எது நிலைத்தது என்பதற்கு வரலாறே சாட்சி. காலை மாலை மன்றாட்டு நம் கடற்கரை இல்லங்களில் இன்றும் ஒலிக்கிறது. தோணி கடலில் இறங்குமுன் நெற்றியில் சிலுவை வரையாத கை அரிது. மூன்று நாள் காவலோ சாராயத்தை ஒழிக்கவில்லை.

மன்சிலாசுக்கு எழுதிய வேறொரு கடிதம் இதன் காரணத்தைத் தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது. தமிழ் மன்றாட்டில் இருந்த இரு பிழைகளைச் சவேரியார் அதில் திருத்துகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்னும் சொல் வந்திருந்தது. அது விரும்புவதைக் குறிக்கும், நம்புவதைக் குறிக்காது; ஆதலின் 'விசுவாசம்' என்னும் சொல்லை இடும்படி எழுதுகிறார். அடுத்த திருத்தம் இன்னும் ஆழமானது. ஆண்டவரின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் 'வன்பினாலே' என்னும் சொல் இருந்தது. அதனை நீக்கச் சொல்கிறார். வன்பினாலே என்றால் கட்டாயத்தால் என்று பொருள்படும். கிறிஸ்து பாடுபட்டது கட்டாயத்தால் அன்று, தம் சொந்த விருப்பத்தால் என்பது அவர் தரும் விளக்கம்.

தமிழ் இலக்கணம் முறையாகக் கற்க வாய்ப்பில்லாத ஓர் அயல்நாட்டார், ஒரே ஒரு சொல்லில் மீட்பின் மையத்தைத் தொட்டுவிட்டார் என்றே நாம் மதிப்பிடுகிறோம். சாராயத்தின்மீது வன்பை ஏவிய அதே கை, மன்றாட்டிலிருந்து வன்பை நீக்கியது. இந்த முரண் அவர் கடிதங்களின் குறையன்று. அவற்றை மீண்டும் மீண்டும் படிக்கத் தூண்டுவதே அதுதான். நம் பழக்கங்களைப் பற்றிய கேள்வியும் இங்கேயே நிற்கிறது. கட்டாயத்தால் ஒருவர் ஒரு நாள் குடிக்காமல் இருக்கலாம். விருப்பத்தால் மட்டுமே அவர் குடிக்காதவர் ஆகலாம்.

விருப்பம் பிறக்க விடாமல் தடுப்பது எது? "எல்லாரையும் போலத்தான்" என்னும் சொல்லே. ஆகவே அதனைச் சற்று உடைத்துப் பார்ப்போம்.

எல்லாரும் செய்வது இயல்பானது, இயல்பானது நலமானது என்று நாம் எண்ணுகிறோம். ஜெப்ரி ரோஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இவ்வெண்ணத்தைத் தகர்த்தார். கென்ய நாட்டு நாடோடி மக்களின் இரத்த அழுத்தத்தையும் இலண்டன் அரசு அலுவலர்களின் இரத்த அழுத்தத்தையும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். இலண்டனில் சராசரி எனப்பட்டது கென்யாவில் மிகுதி எனப்படும். ஊர் முழுதும் நோயின் பக்கம் நகர்ந்திருந்தால், அவ்வூரின் நடுவில் நிற்பவரும் நோயின் பக்கமே நிற்கிறார். அவருக்கு மட்டும் அது தெரிவதில்லை. நம் நாட்டின் நிலையும் இதற்குச் சான்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். அந்நோயின் வாயிற்படியில் நிற்போர் 13.6 கோடிப் பேர். இத்தகைய கூட்டத்தில் எல்லாரையும் போல இருப்பது எப்படிப் பாதுகாப்பாகும்?

1990இல் ரோஸும் டே என்னும் அறிஞரும் இணைந்து, 32 நாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட 52 மக்கள் கூட்டங்களின் விவரங்களை ஆராய்ந்தனர். ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரிக் குடி எவ்வளவு உயர்கிறதோ, அங்கே பெருங்குடியர் தொகையும் அவ்வளவு உயர்கிறது என்று கண்டனர். இது நம் மனச்சான்றைத் தொட வேண்டிய செய்தி. "அளவாகக் குடிக்கும் என்னால் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்பவர் உண்டு. அவருடைய அளவும் ஊரின் அளவில் ஒரு பங்கு. ஊரின் அளவு உயரும்போது விளிம்பில் நிற்கும் பலவீனர் கடலில் விழுகிறார். எதிர்ப்புறமாகவும் இது உண்மை: ஒருவர் தம் அளவைக் குறைக்கும்போது, தாம் அறியாத ஒருவரைக் கரையின் பக்கம் இழுக்கிறார். ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் துன்புறும் என்று பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதியதை நாம் திருப்பலியில் கேட்கிறோம். புள்ளிவிவரமும் அதையே சொல்கிறது. மதுவைப் பொறுத்தவரை, உடல்நலத்துக்குக் கேடில்லாத அளவு என்று எதனையும் சொல்ல இயலாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்துவிட்டது. மார்க்கோ போலோ வியந்த பாக்கும் தப்பவில்லை. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அந்நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூல் வகைப்படுத்தியது. பல நூற்றாண்டு வழக்கம் என்பது நலத்துக்கு நற்சான்று ஆகாது.

நம் இலக்கியமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ஜோ டி குருசின் 'ஆழி சூழ் உலகு' (2004) ஆகிய புதினங்கள் நம் கடற்கரைக் கிறிஸ்தவரின் வாழ்வைத் தமிழுலகின் முன் நிறுத்தின. குடியும் அவ்வாழ்வின் ஒரு கூறாக அவற்றில் வருகிறது. உள்ளதை உள்ளபடி காட்டுவது புதின ஆசிரியரின் கடமை. அதில் குறை காண்பதற்கில்லை. குறை நம் வாசிப்பில் இருக்கிறது. "கடற்கரைக்காரன் என்றால் இப்படித்தான்" என்று அக்காட்சியை அடையாளச் சீட்டாக எடுத்துக்கொள்கிறோம். புதினம் காட்டிய காயத்தை நாம் மச்சம் என்று கொண்டாடுகிறோம்.

"நடுவழியே நல்வழி என்று திருச்சபையின் அறிஞர்களே சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நற்பண்பு நடுவில் நிற்கிறது என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தது உண்மையே. ஆனால் அவர் சொன்ன நடு வேறு, ஊர்ச் சராசரி வேறு. மிகையும் குறையும் இல்லாமல் அறிவு காட்டும் சரியான அளவே அவர் சொன்ன நடு. ஊரில் பாதிப்பேர் எதைச் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து அதனைக் கண்டறிய முடியாது. துடுப்பின் பிடி நடுவில் இருப்பது தோணியை நேரே செலுத்துவதற்காக. மற்றத் தோணிகள் பாறையை நோக்கிப் போனால் அவற்றின் நடுவில் போவதற்காக அன்று.

பழக்கத்தைக் குறிக்க அக்குவினார் ஆளும் இலத்தீன் சொல் 'ஹாபித்துஸ்'. உடைமை கொள்ளுதல் என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. வள்ளுவர் தம் அதிகாரங்களுக்கு ஒழுக்கமுடைமை, அடக்கமுடைமை என்று பெயரிட்டதை இங்கு நினைவுகூரலாம். நல்ல பழக்கம் ஒருவரின் சொத்து. உழைத்துச் சேர்க்க வேண்டியது. அதனைச் சேர்க்கும் வழியைப் பற்றி அக்குவினார் கூறும் கருத்து ஒன்று நம்மை உலுக்கக் கூடியது. பெற்ற பழக்கத்தின் வலிமைக்கு ஏற்ற ஊக்கத்தோடு செய்யும் செயலே அதனை வளர்க்கும். அதற்குக் குறைந்த ஊக்கத்தோடு, ஏனோதானோவென்று செய்யும் செயல் பழக்கத்தை இருந்த இடத்தில் வைத்திருப்பதுகூட இல்லை. அதனைத் தளர்வுக்கு ஆயத்தம் செய்கிறது. நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று எண்ணுபவர் உண்மையில் பின்னால் நகர்கிறார். திருவெளிப்பாட்டில் இலவோதிக்கேயா சபையின் வெதுவெதுப்பை ஆண்டவர் அவ்வளவு கடுமையாகப் பேசியதன் காரணமும் இதுவே எனலாம். வெதுவெதுப்பான நீர் சூடாகிக்கொண்டிருப்பது அரிது. பெரும்பாலும் அது ஆறிக்கொண்டிருக்கிறது.

திருச்சபையின் நோன்புச் சட்டம் இதற்கு அருகிலுள்ள சான்று. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தை எளிதாக்கினார். இப்போது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய ஒருசந்தி நாள்கள். சட்டத்தின் வன்பைக் குறைத்து விருப்பத்துக்கு இடம் விடுவதே அதன் நோக்கம். நாம் என்ன செய்தோம்? தரை என்று திருச்சபை வைத்ததை நாம் கூரை ஆக்கிக்கொண்டோம். காயல்பட்டினத்தில் நம் அண்டை வீட்டார் இரமலான் மாதம் முழுவதும் பகலில் தண்ணீரும் பருகாமல் நோன்பிருக்கிறார்கள். மதுக்கடைக்கு ஊருக்குள் இடம் கொடாத கட்டுப்பாட்டுக்கும் அந்நகர் பெயர் பெற்றது. காவலரை நிறுத்தி மட்டும் ஊர் இத்தகைய கட்டுப்பாட்டைக் காக்க முடியாது. நாளுக்கு ஐவேளைத் தொழுகையும் ஆண்டுக்கு ஒரு மாத நோன்பும் கூடி வாழும் ஊக்கமும் அதற்கு அடித்தளம். இசுலாமியரின் இறைவேண்டலையும் ஈகையையும் நோன்பையும் மதிப்போடு குறிப்பிட்டது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு ஏடு. கொம்புத்துறையிலும் புன்னைக்காயலிலும் இருப்போர் அதனை ஏட்டில் தேட வேண்டியதில்லை. அடுத்த தெருவில் காணலாம்.

அவ்வாறாயின் சட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 1937 அக்டோபரில் இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். 1971இல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை மதுக்கடைகளை நடத்துகிறது. கடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மன உறுதியை மட்டும் போதிப்பது எளியோரைக் கேலி செய்வதாகும். இரவெல்லாம் வலை இழுத்து, உப்புக் காற்றில் உடல் நோகத் திரும்பும் தொழிலாளிக்குச் சாராயம் வலி மருந்தாக விற்கப்படுகிறது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆதலால் கடையைக் குறைக்கக் கேட்பதும் அறமே. ஆனால் சட்டம் வேலியாகுமே தவிர, பயிர் ஆகாது. வேலிக்குள் விதைக்க வேண்டியதை நாமே விதைக்க வேண்டும்.

எப்படி விதைப்பது? சவேரியார் 1534இல் பாரிசில் புனித இஞ்ஞாசியாரிடம் ஆன்மிகப் பயிற்சிகளைச் செய்தவர். அப்பயிற்சி நூலில் 'தனி ஆய்வு' என்னும் எளிய முறை ஒன்று உண்டு. திருத்த வேண்டிய குறை ஒன்றே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதனை நினைத்து உறுதி எடுக்க வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் அமர்ந்து, எத்தனை முறை விழுந்தோம் என்று எண்ணி, நாளுக்கென வரைந்த கோடுகளில் அத்தனை புள்ளிகள் இட வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். இம்முறையின் நுட்பம் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. பிற்பகலை முற்பகலோடும், இன்றை நேற்றோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிடச் சொல்கிறார் இஞ்ஞாசியார். அடுத்த வீட்டாரோடு ஒப்பிடும் கோடு அத்தாளில் எங்கும் இல்லை.

கோவிலில் நின்று இறைவேண்டல் செய்த பரிசேயர் தம் கோட்டை வரிதண்டுபவரின் கோட்டோடு ஒப்பிட்டார். நீதிமானாக வீடு திரும்பியவர் அவர் அல்லர். "எல்லாரையும் போலத்தான்" என்று சொல்லும் நாமும் அதே தவற்றைத்தான் செய்கிறோம். அவர் பிறரைவிட மேல் என்று நிறைவடைந்தார். நாம் பிறருக்குச் சமம் என்று நிறைவடைகிறோம். இருவர் கையிலும் உள்ள அளவுகோல் பிறருடையது. இதனாலேயே, உடல்நலப் பழக்கங்களைப் பேணுவோருக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. குடியாதவர் குடிப்பவரை இகழ்வதும், அதிகாலையில் நடப்பவர் நடவாதவரை ஏளனம் செய்வதும் பரிசேயரின் கோடே. நலம் பேணுவது நம்மை மேலோர் ஆக்குவதற்கு அன்று. தூய ஆவியின் கோவிலாகிய உடலை, அன்பு செய்வதற்கு ஆயத்தமாக வைத்திருப்பதற்கே.

எத்தனை நாளில் பழக்கம் வேர்விடும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள்கள் ஆயின. விரைவானவருக்கு 18, தாமதமானவருக்கு 254. இடையில் ஒரு நாள் தவறியது பெரும் இழப்பாகவில்லை என்பதும் அதில் கண்ட உண்மை. தவக்காலத்தில் தொடங்குவதை உயிர்ப்பு ஞாயிறோடு கைவிட வேண்டாம் என்று இதற்கு நாம் பொருள் கொள்ளலாம். தூய ஆவி பெருவிழா வரையில் அதனைத் தொடர்பவர் வேர் காண்பார். விழுந்த நாளில் ஒரு புள்ளி இட்டுவிட்டு மறுநாள் தொடர்வதே இஞ்ஞாசியாரின் வழி.

பங்குகளுக்கும் இதில் வேலை உண்டு. திருவிழாக் குழுவினர் தேர் இழுக்கும் நாளில் தாங்கள் மதுவைத் தொடுவதில்லை என்று தங்களுக்குள் விரும்பி ஏற்கலாம். அன்பியக் கூட்டங்களில் பலகாரத் தட்டுக்குப் பதிலாகச் சுண்டலும் பழமும் வரலாம். பங்கு மண்டபத்தில் மாதம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அரசின் செவிலியரை அழைக்கலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடியே வருகிறது. குருக்களாகிய நாமும் விருந்து மேசைகளில் மறுக்கக் கற்றால், மறுக்க விரும்பும் இல்லத்தாருக்குத் துணிவு பிறக்கும். இவை சிறியவையே. சவேரியாரின் கை மணியும் சிறியதுதான்.

அவர் கடிதங்களை இனி எடுத்துப் படிப்போர், அற்புதங்களைத் தேடும் ஆவலைச் சற்று ஒதுக்கிவிட்டு அந்த ஒற்றைச் சொல் திருத்தத்தில் நின்று படிக்குமாறு வேண்டுகிறோம். மன்றாட்டிலிருந்து வன்பை அவர் நீக்கிவிட்டார். நம் வாழ்க்கையில் அவ்விடத்தை விருப்பத்தால் நிரப்பும் வேலை நம்முடையது. இன்றிரவு உணவுக்குப் பின் ஒரு தாளில் ஏழு கோடுகள் வரைந்து, ஒரு குறையின் பெயரை எழுதி, முதல் கோட்டில் உண்மையான புள்ளிகளை இடுவோம். நாளைய கோட்டை இன்றைய கோட்டோடு மட்டும் ஒப்பிடுவோம்.